பென்சில் தண்ணி

வீட்டுக்காரருக்கு ஹெண்ட்ரிக் என்று ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பாவித்ததில்லை. அவர் ஒல்லாந்தில் பிறந்து வந்தவர் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, வாடகைக்கு வந்த விநாயகமூர்த்தி முடிவுகட்டிவிட்டான்.

"யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டினவங்கள் துலைஞ்சு போட்டாங்களெண்டு பாத்தால், இஞ்சை வந்து எங்களுக்கு வீடு தந்திருக்கிறாங்கள்" என்றான்.

அன்றிலிருந்து அவர் ஒல்லாந்தர். அவருடைய நாய் ஒல்லாந்தரின் நாய். அவருடைய ட்ராக்டர் தூரத்தில் இரைந்தால், "ஒல்லாந்தர் படையெடுக்கிறார்" என்று பன்னிரண்டு வயது மகள் லக்சிகா கத்துவாள்.

ரொறன்ரோ ஓரத்தில் மல்வேர்ன் வீடுகள் முடிந்து, பஸ் திரும்பிப் போகிற இடத்தையும் தாண்டி, வடக்கே ஒற்றை ரோட்டில் போனால் அந்தப் பண்ணைவீடு வரும். முன்னால் சோளம் வெட்டின வெறும் வயல். பின்னால் ஆட்டுக் கொட்டில். மல்வேர்னில் நாலைந்து வீடு சேர்ந்து இறைச்சிக்கு ஓர் ஆட்டைப் பங்கு போடுவார்கள். அந்தப் பங்கு ஆடுகள் மூர்த்தியின் கொட்டிலில் வளர்ந்தன. வளர்த்தது அவன் மனைவி யோகமலர். மூர்த்திக்கு ஒஷாவாவில் பின்னேர சிஃப்ற். ஆடுகள் அவனைக் கண்டால் ஒதுங்கும், அவளைக் கண்டால் கோட்டுப் பொக்கற்றைக் கடிக்கும்.

முதல் குளிர் பிடித்த நாள் ஒல்லாந்தர் குசினிக்குள் வந்து பைப்பைத் திறந்தார். காதுக்குப் பின்னால் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து, ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார். குளிர் இறங்கினால் இரவு முழுக்க இந்த மொத்தத்துக்குத் தண்ணி ஓடவேண்டும், இல்லாவிட்டால் கிணற்றிலிருந்து வருகிற குழாய் உறைந்துவிடும் என்று இங்கிலீசில் சொன்னார். அவர் போய்க் கதவு சாத்த முன்னமே லக்சிகா ஒரு கரண்டியைக் காதில் செருகிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு தொடங்கிவிட்டாள்.

"பென்சில்! நொட் நூல். நொட் சொட்டுச் சொட்டு. பென்ன்சில்!"

"சீவின பென்சிலோ, சீவாத பென்சிலோ எண்டு கேக்காமல் விட்டிட்டமே" என்றான் மூர்த்தி.

யோகமலரும் சிரித்தாள். ஆனால் கை தானாகப் போய்ப் பைப்பைப் பூட்டியது.

அவள் கனடாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகவில்லை. மூர்த்தி முதலிலேயே வந்துவிட்டான்; அவளும் பிள்ளையும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தார்கள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுக்க ஒரே ரோட்டில் இறங்கி நடந்தபோது, லக்சிகாவை இழுத்துக்கொண்டு அவளும் நடந்தாள். நாவற்குழிப் பக்கம் சனம் நெரிந்து, முன்னுக்கும் போகேலாமல் பின்னுக்கும் போகேலாமல் நின்ற நேரம் பிள்ளை தண்ணி கேட்டாள். கேட்டுக் கேட்டு, பிறகு கேட்காமல் விட்டுவிட்டாள். கேட்காமல் விட்டதுதான் யோகமலருக்குப் பயம். மழை தூறியது. அவள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தாள். அடியில் ஊறி நின்ற கொஞ்சத்தைப் பிள்ளையின் வாயில் சரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் பிள்ளைகளை நீட்டினார்கள்.

அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் குடை என்றால் மழைக்குப் பிடிக்கிற சாமான் மட்டும் இல்லை. அது தாய்க்கும் மகளுக்கும் தெரியும். மூர்த்திக்குச் சொல்லித்தான் தெரியும்.

வந்து இறங்கியது சென் ஜேம்ஸ் ரவுணில், பத்தொன்பதாம் மாடியில். அங்கே சுவருக்குள் விடிய விடியத் தண்ணி ஓடியது. மேல்வீட்டுக்காரன் குளிப்பான், பக்கத்து வீட்டுக்காரி உடுப்புத் தோய்ப்பாள், யாரோ கக்கூசுக்குத் தண்ணி இழுப்பார்கள். மற்றவர்களுக்கு அது சத்தமே இல்லை. யோகமலருக்கு யாரோ பைப்பைப் பூட்ட மறந்துவிட்டார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டேயிருக்கும். எழும்பிப் போய்த் தங்களுடைய பைப்புகளை இறுக்கிவிட்டு வருவாள். பிறகும் ஓடும். உடம்பு வற்றிப்போய், டொக்டர் குளிசை கொடுத்தார். குளிசைக்கும் நித்திரை வரவில்லை.

பண்ணைவீட்டைப் பார்க்க வந்த அன்று, மூர்த்தியும் ஒல்லாந்தரும் வெளியே கதைத்துக்கொண்டிருக்க, கொட்டிலுக்குள் வைக்கோல் கட்டில் சாய்ந்தவள் அப்படியே நித்திரையாகிப்போனாள். எழுப்பினபோது கன்னத்தில் வைக்கோல் அடையாளம். "எனக்கு இந்த வீடு வேணும்" என்றாள். கனடாவுக்கு வந்து அவள் வேணும் என்று கேட்ட முதல் பொருள் அதுதான்.

மூர்த்திக்கு விருப்பமில்லை. கார் ஓடத் தெரியாதவள், இங்கிலீஷ் நாலு சொல், அவன் வேலைக்குப் போனால் சுற்றிவர ஒரு மனிசர் இல்லை. அவன் பயந்ததில் பிழையில்லை.

"வின்ரர் ஒண்டைக் கழிச்சுப் பாப்பம்" என்றான். "ஒரு சோலியில்லாமல் கழிஞ்சால் இருப்பம். ஏதும் ஒண்டு நடந்துதோ, மார்ச்சிலை திரும்பப் பில்டிங்தான். பேந்து என்னோடை கதைக்கப்படாது."

மூர்த்தியிடம் இரண்டு 'பாப்பம்' இருந்தன. ஒன்று, "பாஆஆப்பம்" என்று மூக்கால் இழுபடும். அதற்கு அர்த்தம் ஏலாது, இந்தக் கதையை இனி எடுக்காதே. மற்றது "பாப்பம்" என்று சுருக்கென்று விழும். அதற்கு அர்த்தம் ஓம், ஆனால் நீ கேட்டதுக்காகத்தான் செய்தேன் என்று நினைக்காதே. லக்சிகா இரண்டையும் அச்சொட்டாகச் செய்வாள், கழுத்துச் சொறிகிற கையோடு சேர்த்து. ஒருமுறை தகப்பன் இல்லாத நேரம் போனில் அந்தச் சுருக்குப் பாப்பத்தைச் சொல்லி, செலீன் அன்ரிக்கு ஓர் ஆட்டையே விற்றுப்போட்டாள். செலீன், யோகமலரின் சிநேகிதி, மல்வேர்னில் இருப்பவள். அவளுக்கு அது பிள்ளையின் குரல் என்று இன்றுவரை தெரியாது.

ஆக, யோகமலருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வின்ரர் ஒரு சோலியும் இல்லாமல் கழியவேண்டும். சோலி வராமல் இருக்க அவள் செய்யவேண்டியதும் ஒன்றே ஒன்று. பைப்பைத் திறந்து விடவேண்டும். அதைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. மூர்த்தி படுத்ததும் வந்து பூட்டுவாள். அவன் எழும்ப முன்னம் திறந்து பென்சில் மொத்தத்துக்கு விடுவாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்ப்பான். "ஆ, ஓடுது" என்பான்.

மார்கழி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளைக் கெடுத்தது. ஒல்லாந்தர் சும்மா வெருட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்பது தை பிறக்க முன்னமே ஸ்னோ கொட்டத் தொடங்கியது. ஒரு கொட்டு முடிந்து ரோட்டைத் துப்புரவாக்க, அடுத்த கொட்டு. ஜன்னலின் கீழ்ப்பாதி மறைந்தது. கொட்டிலுக்குப் போகிற பாதையை யோகமலர் சவளால் வெட்டுவாள்; திரும்பி வருகையில் அது காணாமல் போயிருக்கும். மூக்குக்குள் இருந்த ஈரம் முள்ளாகக் குத்தியது.

ஒரு பின்னேரம் செலீன் போன் எடுத்தாள்.

"எடி யோகம், கேள்விப்பட்டனியே? ரொறன்ரோவுக்குள்ளை ஆமி வந்திட்டுதாம்!"

யோகமலர் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ? எடியேய், இருக்கிறியே? ஐயோ யேசுவே, துவக்கோடை இல்லையடி, சவளோடை! ஸ்னோ அள்ள வந்திருக்கிறாங்கள்!"

"உப்பிடியே ஒருத்தருக்குச் சொல்லுறது, அக்கா?"

"ஓமடி ஓம், சொன்னாப்போலைதான் எனக்கும் பட்டுது. இஞ்சை இவரும் உதைக் கேட்டிட்டு ஐடென்ரிக் காட்டைத் தேடினவர்."

அன்றைக்கு மூர்த்தி வேலைக்குப் போனவன் திரும்பி வரமுடியவில்லை. வேலையை இடையில் நிப்பாட்டி, ரோட்டையும் பூட்டிவிட்டார்கள். பொழுதுபட ஒஷாவாவிலிருந்து போன் எடுத்தான்.

"நான் வேலையிடத்து அல்பேட் வீட்டிலை நிக்கிறன். பிள்ளை சாப்பிட்டாளோ?"

"ஓம். வெள்ளைச்சி ரெண்டு குட்டி போட்டிட்டுது. சூடு குடுக்கிற சிவப்பு லைற்றைக் கிட்டக் கட்டிவிட்டிருக்கிறன்."

"இண்டைக்குக் குளிர் கடுமையாம். பென்சில் ஓடுதோ?"

அவள் பைப்பைப் பார்த்தாள். அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஓடுது."

"பூட்டிப்போடாதையும் என்ன?"

"நான் ஏன் பூட்டுறன்?"

போனை வைத்துவிட்டு, படுக்கமுன் போய்ப் பூட்டினாள்.

விடியத் திறந்தபோது பைப் ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான். இன்னும் திருகினாள். பேஸ்மென்றுக்குள் இறங்கி அங்கிருந்த பைப்பையும் திருகினாள். அது மூச்சுக்கூட விடவில்லை.

கொட்டிலில் ஆடுகள் வெற்றுத் தொட்டியை முட்டிக்கொண்டு நின்றன. வெள்ளைச்சி குட்டி போட்ட களைப்பில் நாக்கைச் சுழற்றியது. அதற்கு இளஞ்சூட்டுத் தண்ணி கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பால் வராது, பால் வராவிட்டால் இந்தக் குளிரில் குட்டிகள் அரைநாள் தாங்காது.

யோகமலர் ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பெரிய பானையில் ஸ்னோவை அள்ளி அமத்தி அடுப்பில் வைத்தாள். பானை முட்ட வைத்தது இறங்கி இறங்கி, கடைசியில் அடியில் ஒரு கிண்ணத் தண்ணி கிடந்தது.

"ஸ்னோ முழுக்க எயார் அம்மா" என்றாள் லக்சிகா. "சயன்ஸ் ரீச்சர் சொன்னவ."

"இந்த ஊரிலை தண்ணியும் காத்துத்தான். போய் அள்ளிக்கொண்டு வா."

அள்ளினார்கள், உருக்கினார்கள், சுமந்தார்கள். வெள்ளைச்சி குடித்துவிட்டு இன்னும் என்று நிமிர்ந்து பார்த்தது. மற்றவை கத்தின. கத்துகிறவரை பரவாயில்லை என்று யோகமலர் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

செலீனிடம் போனில் கேட்டதற்கு, "ஹெயர் ட்ரையர் பிடி, எல்லாம் இளகும்" என்றாள். தாயும் மகளும் பேஸ்மென்றில் முழந்தாளில் இருந்து, கிணற்றுக் குழாய் சுவருக்குள்ளால் வருகிற இடத்துக்கு ஹெயர் ட்ரையர் பிடித்தார்கள்.

"இதுக்குத் தலையிழுத்துப் பின்னியும் விடுவம், அம்மா" என்றாள் லக்சிகா. தாய் சிரிக்கவில்லை. குழாயின் வெளிப்பக்கம் சுட்டது. சுவருக்குள் இருந்த கட்டி அசையவில்லை.

அப்போதுதான் ட்ராக்டர் சத்தம் கேட்டது. ஒல்லாந்தர் பாதை வழிக்க வந்திருந்தார். வழித்து முடித்தவர், கையுறையைக் கழற்றிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்து பைப்பைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பேஸ்மென்றுக்குள் இறங்கினார். தரையில் கிடந்த ஹெயர் ட்ரையரைப் பார்த்தார். பிறகு லக்சிகாவிடம் கேட்டார்.

"இரவு பென்சில் ஓடினதோவெண்டு கேக்கிறார் அம்மா" என்றாள் லக்சிகா, அவருடைய கரகரப்போடேயே.

யோகமலர் மகளின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "ஓடினதெண்டு சொல்லு."

லக்சிகா தாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

ஒல்லாந்தர் ஏசுவார் என்று யோகமலர் எதிர்பார்த்தாள். அவர் ஏசவில்லை. தொப்பியைக் கழற்றினார். அவருடைய தலையை அவள் அன்றைக்குத்தான் கண்டாள், முழு மொட்டை. படியில் இருந்துகொண்டு ஆறுதலாக, நீளமாகக் கதைத்தார். லக்சிகாவின் முகம் மாறிக்கொண்டு போனது. அவள் மொழிபெயர்த்தபோது அதில் ஒல்லாந்தரின் குரல் இல்லை. அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது, சின்னதாக.

"அம்மா, தண்ணி ஓடிக்கொண்டிருந்தும் உறைஞ்சதெண்டால் நிலத்துக்குக் கீழை குழாய் முழுக்க உறைஞ்சு போட்டுதாம். இப்ப நிலம் கல்லு மாதிரியாம், மே மாசம் வரைக்கும் கிண்டேலாதாம். தண்ணியில்லாத வீட்டிலை ஆக்களை வைச்சிருக்க ஏலாதாம். மன்னிக்கட்டாம். ரோட்டு திறந்த உடனை நாங்கள் போகட்டாம். ஆடுகளை இந்தக் கிழமைக்குள்ளை விக்கட்டாம்."

"பூட்டினபடியால் உறைஞ்சிருந்தால்?"

தாய் கேட்டதை லக்சிகா இங்கிலீசில் கேட்டாள். ஒல்லாந்தர் தோளைக் குலுக்கினார்.

"அப்பிடியெண்டால் இந்தச் சுவருக்குள்ளை மட்டும்தானாம். சூடு காட்டினால் வருமாம்."

மேலே அடுப்பில் ஸ்னோப் பானை 'ஸ்ஸ்' என்றது. தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் வீட்டைக் கொண்டுபோகிறது என்று யோகமலருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. உண்மையைச் சொன்னால் ஒல்லாந்தரிடம் வீடு தப்பும். ஆனால் கதை மூர்த்தியிடம் போகும். மூர்த்தியிடம் போனால் மார்ச்சும் பில்டிங்கும் சுவருக்குள் ஓடுகிற தண்ணியும். கொட்டிலில் ஆடுகளின் சத்தம் குறைந்திருந்தது. அது அவளுக்குக் கேட்டது.

அவள் லக்சிகாவைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"நோ பென்சில்" என்றாள். "ஐ குளோஸ். மீ. எவ்ரி டே குளோஸ்." வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு பைப்பைத் திருகிக் காட்டினாள்.

ஒல்லாந்தர் தொப்பியைத் திரும்பப் போட்டார். "வை?" என்று காரணம் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழிலும் இருந்ததா என்பது சந்தேகம். லக்சிகா இடையில் புகுந்து, ஒருவரைப் போலவும் இல்லாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம்தான் சொன்னாள்.

"என்னடி சொன்னனி?"

"ஒண்டுமில்லை. குடையைச் சொன்னன்."

ஒல்லாந்தர் மூக்கைத் துடைத்தார். குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெட் லாம்ப்" என்றார்.

குட்டிகளுக்குக் கட்டியிருந்த சிவப்பு லைற்றைக் கழற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. யோகமலர் இரண்டு குட்டிகளையும் கோட்டுக்குள் வைத்து சிப்பை இழுத்துக்கொண்டு வந்து, குசினியில் உடுப்புக் கூடைக்குள் விட்டாள். பேஸ்மென்றில் ஒல்லாந்தர் லைற்றைச் சுவரோடு அணைத்துக் கட்டி, சுற்றிவரத் தகரம் வைத்து, கற்சுவரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். இடையிடையே அவருடைய பாசையில் குழாயோடு கதைத்தார். லக்சிகாவுக்கு அந்தப் பாசை புதிது. படியிலிருந்து உதட்டை மட்டும் அசைத்துப் பாடமாக்கினாள்.

மத்தியானம் திரும்பி வெகுநேரத்துக்குப் பிறகு பைப் இருமியது. துப்பியது. ஊத்தையாகக் கொஞ்சம் வந்து, பிறகு தெளிந்து ஓடத் தொடங்கியது. சுவரோரம் ஒரு மூட்டில் வெடிப்பு. ஒல்லாந்தர் அதற்கு ரப்பர் சுற்றி இறுக்கினார். போகும்போது காதிலிருந்த பென்சிலை எடுத்து, பைப்புக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

ரோட்டு திறந்து மூர்த்தி வந்தது அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம். மீசையில் ஸ்னோ. சப்பாத்தைக் கழற்ற முன்னம் கேட்டான்.

"பென்சில் ஓடுதோ?"

ஓடியது. கீழே வாளி வைத்திருந்தாள். நிரம்ப நிரம்பக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஓடுது" என்றாள். "நீங்கள் போனிலை கேட்ட அண்டு நான் பேந்து பூட்டிப்போட்டன். ஒவ்வொரு நாளும் பூட்டினனான். குழாய் உறைஞ்சு போச்சு. ஒல்லாந்தர் வந்து வெடிப்பை அடைச்சவர்."

மூர்த்தி கூடைக்குள் கிடந்த குட்டிகளைப் பார்த்தான். ஜன்னல் கட்டையில் கிடந்த பென்சிலைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியுமோ, நீர் பூட்டினதெண்டு?"

"ஓம். சொன்னனான்."

"அவருக்குச் சொல்ல ஏலுமாயிருந்துது." ஒரு சப்பாத்து கழன்றது. அது கையில் நின்றது, மற்றது காலில். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அண்டைக்கு நாவற்குழியிலை நிக்கேல்லையே" என்றாள்.

சொல்லவேண்டும் என்று வைத்திருந்த சொல் இல்லை அது. விழுந்துவிட்டது. மூர்த்தி சப்பாத்தை நிலத்தில் வைத்தான்.

"ஓம்" என்றான். "நான் நிக்கேல்லை."

போய்க் கதிரையில் இருந்தான். ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். லக்சிகா அங்கே பார்த்தாள், இங்கே பார்த்தாள். பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

"அப்பா, அப்ப மார்ச்சிலை நாங்கள் பில்டிங்குக்குப் போறமோ?"

மூர்த்தியின் கை கழுத்துக்குப் போகவில்லை.

"பாப்பம்" என்றான்.

அது இழுபடவும் இல்லை, சுருக்கென்று விழவும் இல்லை. லக்சிகா உதட்டுக்குள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வரவில்லை.

வாளி நிரம்பி விளிம்புக்கு வந்தது. யோகமலரின் கை பைப்பை நோக்கி எழும்பி, பாதியில் நின்றது. மூர்த்தி ஒற்றைச் சப்பாத்தோடு எழும்பிப் போய், பைப்பைத் தொடாமல், வாளியை இழுத்துவிட்டு வெறும் வாளியை வைத்தான்.